சிவப்பு வால், பச்சை வால்

உங்களுக்கும் என் வயதுதான் என்றால், பஞ்சு உரிந்த ஹெட்போன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கழற்றியதும் காது மடலில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டே போவோம். நமக்கெல்லாம் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. மாடி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. ஆனாலும் மே மாதத்து மத்தியானத்தில் எங்காவது மின்விசிறி கடகடவென்று சுற்றுவதைக் கேட்டால் எனக்கு உடனே வானத்தில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. கீழே பழுப்பும் பச்சையுமாக வயல்கள், நடுவில் ஒரு வெள்ளி ஆறு, எனக்குச் சற்று முன்னால் ஆடாமல் அசையாமல் என் அண்ணனின் விமானம்.

நான் விமானத்தில் ஏறியது பல வருஷம் கழித்துத்தான். இது அதற்கு முந்தைய கதை. எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஊருக்கு பிராட்பேண்ட் வந்த கோடை.

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அம்மாவின் தம்பி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எங்கள் மாமா. அதற்கு முன்னால் அவர் ஆரம்பித்த ஜெராக்ஸ் கடையும் ஊதுபத்திக் கம்பெனியும் படுத்துவிட்டன. இது மட்டும் நின்றது. பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு அறைகள். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே தரையில் பச்சைக் கார்ப்பெட், அதில் பினாயில் வாசனையும் வெளிநாட்டுக்காரர்கள் பூசிக்கொள்ளும் ஏதோ எண்ணெய் வாசனையும் கலந்து கிடக்கும். குளிர்காலத்தில் இடம் கிடைக்காது. காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்கு மெயில் அனுப்புவார்கள். சித்திரை பிறந்ததும் வெயிலுக்குப் பயந்து எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் மத்தியானங்களில் அந்த சென்டரில் மாமாவும் ஒரு பல்லியும்தான்.

அப்படிக் கிளம்பிய ஒருவர், தங்கியிருந்த அறையைக் காலி செய்யும்போது, ஒரு அட்டைப் பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு ஜாய்ஸ்டிக்கும் விமானச் சண்டை விளையாட்டு சி.டி. ஒன்றும் இருந்தன. ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடி ஒருவர் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதைப் பிடித்தால் யாரோ ஒருவரின் கையைக் குலுக்குவதுபோல இருக்கும். பின்னால் மாமா கடையை விற்றபோது அதுவும் போய்விட்டது. எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெட்டியைப் பிரித்தது அண்ணன். அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சமயத்தில் வீட்டில் அவனோடு பேசுகிறவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான்.

அதற்குக் காரணம் விமானப்படை. முந்தைய வருஷம் எழுத்துத் தேர்வில் அண்ணன் பாஸாகியிருந்தான். கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். "பையன் பைலட் ஆகப்போறான்" என்று டீக்கடைக்காரர்வரைக்கும் சொன்னார். அண்ணன் நேர்முகத்துக்குப் போனான். பத்தாம் நாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"என்னாச்சு?"

"செலக்ட் ஆகலப்பா."

"ஏன்?"

அண்ணன் பையை இறக்கி மூலையில் வைத்தான். அப்பா மறுபடி கேட்டார், சத்தமாகக் கேட்டார், கடைசியில், "நாலு பேர் முன்னாடி பேசத் தெரியாம பயந்து ஓடி வந்துட்டான்" என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார். அதற்கப்புறம் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தால் என்னிடம், "உங்க அண்ணனைச் சாப்பிடச் சொல்லு" என்பார். அவன் அதே அறையில் உட்கார்ந்திருப்பான்.

அதனால் அண்ணன் பகலெல்லாம் மாமாவின் சென்டரில் இருந்தான். பறந்துகொண்டே இருந்தான். பூத்துக்குள் எட்டிப் பார்த்தால் அவன் முகத்தில் மேகத்தின் வெளிச்சம் விழுந்திருக்கும். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து இறங்கி வருகிறவனைப்போலத் திரும்பிப் பார்ப்பான்.

இணையத்தில் இதே விளையாட்டை ஆடுகிற ஒரு கூட்டம் அவனுக்குப் பழக்கமானது. பெங்களூரில் ஒருவர், சென்னையில் மூன்று பேர். சேர்ந்து ஒரு படையணி வைத்திருந்தார்கள். பெங்களூர்க்காரரைத் தலைவர் என்றுதான் சொல்வோம். அவர் முகத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. ஹெட்போனில் குரல் மட்டும், அரை விநாடி தாமதமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். ஒருநாள் அவர் சொன்னார்:

"தம்பி, ஹைதராபாத் ஆளுங்க மோதிப் பார்க்கலாம்னு கூப்பிடறாங்க. சும்மா ஆளாளுக்குச் சுட்டுக்கறது இல்ல. முறையா ஒரு மிஷன். நம்ம சென்னை ஆளுங்க குண்டு போடற மூணு பாம்பர்ல ஆத்தைத் தாண்டிப் போய்ப் பாலத்தை அடிச்சுட்டுத் திரும்பணும். காவலுக்கு நாலு பேர் வேணும். உங்க ஊர்லேர்ந்து மூணு பேர் தேறுமா?"

அண்ணன் சற்றும் யோசிக்காமல், "தேறும்" என்றான்.

அவன் ஒருவன். இரண்டாவது ஆள் பக்கத்து மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். ஐம்பதை நெருங்கியவர். மத்தியானம் நோயாளிகள் வராத நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆட வந்தவர், ஒருநாள் அண்ணன் பறப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். மூன்றாவது நான். ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, எங்கள் இருவருக்கும் மவுஸ்.

என்னை ஏன் சேர்த்தான் என்று எனக்குப் புரியவில்லை. முதல் வாரம் பத்து நிமிஷம் பறந்தாலே எனக்கு வாந்தி வந்தது. மாமா என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "மோந்துக்கினே ஓட்டு" என்பார். இறங்கும்போது ஓடுபாதையை விட்டு வயலில் போய்க் குத்துவேன். பல் டாக்டரே என்னைவிட நன்றாகப் பறந்தார். ஆனாலும் அண்ணன், "பாப்பா என் பின்னாடி வரட்டும். டாக்டர் சார் தலைவர் பின்னாடி போகட்டும்" என்று சொல்லிவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மிஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தைத்தான் நான் இன்னும் கனவில் காண்கிறேன்.

எங்கள் வீடு வேங்கிக்காலில் இருந்தது. அப்போது அங்கே பாதிக்குமேல் வெறும் மனைகள்தான். வெள்ளையடித்த எல்லைக் கற்களும் நெருஞ்சி முள்ளும், தூரத்தில் மலையும். விடிந்ததும் அண்ணன் என்னைச் சைக்கிளோடு அங்கே கூட்டிப்போவான். அவன் முன்னால், நான் அவனுக்கு வலது பக்கம் கொஞ்சம் பின்னால். அவன் கையை உயர்த்தினால் இருவரும் சேர்ந்து திரும்ப வேண்டும். இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"என்னைப் பார்க்காதே. எனக்குப் பின்னாடி பாரு. என் முதுகு உன் பொறுப்பு."

பல் டாக்டரும் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்தார். கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, பல் டாக்டர் ஒரு பெண் பிள்ளைக்குப் பின்னால் வட்டமடிப்பதை விநோதமாகப் பார்த்தார்கள். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் அம்மாவின் புடவைப் பெட்டி அட்டைகளை ஒட்டி வரைபடம் செய்தோம். ஆறு, பாலம், இரண்டு விமானத் தளங்கள். சோற்றுப் பருக்கையால் ஒட்டியதால் எறும்பு வந்து ஆற்றங்கரையெல்லாம் ஊர்ந்தது. "எதிரிப் படை வந்துருச்சு" என்று அண்ணன் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒப்பந்தம் மெயிலில் வந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே ரகச் சண்டை விமானம். திரையில் பெயர் தெரியாதபடி அணைத்துவிட வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை வாலில் உள்ள பட்டையை வைத்துத்தான் அறிய வேண்டும். எங்களுக்குச் சிவப்பு. ஹைதராபாத்துக்குப் பச்சை.

அதைப் படித்ததும் அண்ணனின் முகம் எப்படியோ ஆனது. அன்றைக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள், பெயர்களை அணைத்துவிட்டுச் சென்னைக்காரர்கள் பச்சை வாலோடு எதிரியாக வந்த பயிற்சியில், அவன் பல் டாக்டரைச் சுட்டு வீழ்த்தினான்.

"தம்பி! தம்பி! நான் நம்ம ஆளுப்பா!" என்று பக்கத்து அறையிலிருந்து டாக்டர் கத்தினார். அவர் விமானம் புகைந்துகொண்டே ஆற்றில் விழுந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ வாங்கப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தான். நானும் நடந்தேன். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்ததால் மலை துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"பாப்பா, இந்த மலை என்ன கலர்ல இருக்குது?"

"அங்கங்க பச்சை. பாறை இருக்கற இடம் சிவப்பு மாதிரி."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். காஞ்ச சாணி கலர்."

எனக்கு முதலில் விளையாடுகிறான் என்று தோன்றியது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னான். நேர்முகத்திலெல்லாம் அவன் தேறியிருந்தான். கடைசியில் மருத்துவப் பரிசோதனை. அங்கிருந்த டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் புள்ளிகள். புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். இவனுக்கு எண்ணே தெரியவில்லை. வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிஞ்சு தெரியாதாம். பொறந்ததுலேர்ந்தே. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் ஆறாவது படிக்கும்போது இந்திய வரைபடத்தில் காடுகளுக்கெல்லாம் சிவப்பு அடித்து வைத்தான். குறும்பு செய்கிறான் என்று ஓவிய வாத்தியார் முட்டி போட வைத்தார். அப்பாவும் அதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று வைத்தார்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா திட்டமாட்டாரே?"

அவன் வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"இது அம்மா வழியாத்தான் பிள்ளைங்களுக்கு வருமாம். அந்த டாக்டர் சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னான். மீதி எனக்கே புரிந்தது. மாமாவின் ஒவ்வொரு கடை படுத்தபோதும் அப்பா அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டு ரத்தமே இப்படித்தான்" என்பார். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானாலும் அதே வார்த்தைதான். அம்மா உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடப்பது அது. பைலட் கனவு போனதற்கும் அந்த ரத்தம்தான் காரணம் என்று தெரிந்தால்? அதற்குப் பயந்தாங்கொள்ளி என்ற பெயரே மேல் என்று என் அண்ணன் முடிவு செய்திருக்கிறான். பத்தொன்பது வயதில்.

"அதனாலதான் என்னைச் சேர்த்தியா?"

"ஆமா. நீ என் பின்னாடி வந்து, எனக்கு முன்னாடி இருக்கறது யாருன்னு மட்டும் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

என் பெருமை ஒரு கணம் சுருங்கியது. அப்புறம் முன்னைவிடப் பெரிதாக விரிந்தது.

அதற்கப்புறம் எங்கள் பயிற்சியே மாறிவிட்டது. தெருவில் போகும்போதெல்லாம் அவன் சட்டென்று ஒன்றைக் காட்டுவான், நான் ஒரே சொல்லில் நிறம் சொல்ல வேண்டும். பூக்காரியின் கூடை, ஆட்டோவின் கூரை, கொடியில் காயும் புடவைகள், தள்ளுவண்டியில் மிளகாய்க் குவியல். "சிவப்பு. பச்சை. பச்சை. சிவப்பு." யோசிக்கவே கூடாது. பௌர்ணமி அன்று கிரிவலம் போகிற கூட்டத்தின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, ஆயிரம் பேரின் உடுப்புக்கும் நான் நிறம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நடந்தான். ஊரே எனக்கு அந்த நாட்களில்தான் முதன்முறையாகக் கண்ணில் பட்டது என்று சொல்ல வேண்டும்.

மிஷன் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. வியாழக்கிழமை அப்பா என் மூலமாக ஒரு செய்தி அனுப்பினார். ஆரணியில் பெரியப்பாவின் அரிசி மில்லில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். "உங்க அண்ணனை ஞாயித்துக்கிழமை மூணு மணி பஸ்ஸுக்கு ரெடியா இருக்கச் சொல்லு. துணிமணியெல்லாம் எடுத்துக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அப்பா கண்ணயர்ந்த நேரத்தில், நாங்கள் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போய்விட்டோம். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை.

மாமா வாசலில் "இன்று விடுமுறை" என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். பல் டாக்டர் கழுத்தில் துண்டோடு வந்தார். அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் பிளைவுட். அவன் திரை எனக்குத் தெரியாது. சரியாக நாலு மணிக்குத் தலைவரின் குரல் வந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா? கிளம்பலாம்."

மேலே ஏறினோம். மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தபோது, கீழே மூன்று பாம்பர்களும் மூன்று மாடுகள் போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிஷம் அப்படியே போனோம். அது இன்னும் முடியவில்லை என்றே எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஆற்றைத் தாண்டியதும் சூரியன் பக்கமிருந்து அவர்கள் இறங்கினார்கள்.

"உன் எதிர்ல பச்சை! அண்ணா, பச்சை! அடி!" அவன் அடித்தான். அது சிறகொடிந்து சுழன்றது. "இப்ப குறுக்க வர்றது சிவப்பு, டாக்டர் சார்தான், விட்டுடு. இடது பக்கம் பச்சை!" நான் கத்திக்கொண்டே இருந்தேன். பாலத்தின் மேல் புகை எழுந்தது. "அடிச்சாச்சு, திரும்புங்க!" என்றார் தலைவர். அந்தச் சந்தோஷத்தில் அண்ணனின் முதுகைப் பார்த்த நான் என் முதுகைப் பார்க்க மறந்துவிட்டேன். படபடவென்று ஒரு சத்தம். என் திரை சிவந்து, அப்புறம் கறுத்துவிட்டது.

"அண்ணா, நான் போயிட்டேன்!"

"எத்தனை பேர் இருக்காங்க? எது யாரு?" அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் திரையைப் பார்த்துச் சொல்லலாம் என்று தடுப்பைச் சுற்றி ஓடினேன். அங்கே அவன் நாற்காலிக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். காலடியில் அண்ணனின் துணிப்பை.

எப்போது வந்தார் என்று தெரியாது. மாமா அவர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லீங்க, பொண்ணு விளையாட்டுக்குச் சொல்லல. அவனுக்கு அந்த ரெண்டு கலரும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அன்னிக்கு டாக்டரைச் சுட்டப்பவே எனக்கு விளங்கிடுச்சு. மெடிக்கல்லதான் எடுத்திருக்க மாட்டாங்க. பயந்துலாம் வரல."

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அண்ணனின் எதிரே வந்தன. அண்ணனின் விரல் விசையைத் தொட்டும் அழுத்தாமல் நின்றது.

"முன்னாடி போறது சிவப்பு" என்றார் அப்பா.

அண்ணனின் தோள் திடுக்கிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னாடி வர்றது பச்சைடா. பச்சை. பின்னாடி இருக்கறதை அடி."

அண்ணன் அடித்தான்.

அடுத்த கால் மணி நேரம் அப்பா குனிந்து, அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கோப்பில் உள்ளதைப் படித்துச் சொல்வதுபோல நிறம் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று பாம்பர்களில் இரண்டு வீடு திரும்பின. ஜெயித்தோமா தோற்றோமா என்று தலைவருக்கும் ஹைதராபாத்துக்கும் பிறகு ஒரு வாரம் மெயிலில் வழக்கு நடந்தது. பல் டாக்டர் மட்டும் கடைசிவரை விழாமல் தரையிறங்கி, எழுந்து நின்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டார்.

அண்ணன் ஆரணிக்குப் போகவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தான். இப்போது வேலூரில் ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். தலை முழுக்க வழுக்கை. அந்தப் படையணி அதற்கப்புறம் இன்னும் நாலைந்து முறை பறந்தது. தலைவரின் குரல் ஒருநாள் வராமல் போனது, அதோடு கலைந்தது. இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நான் சொல்ல வந்தது அன்றைக்கு வீடு திரும்பியதை.

வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. அப்பாவும் அண்ணனும் முன்னால் நடந்தார்கள். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் என் சைக்கிளோடு பத்தடி பின்னால். பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

"மெடிக்கல்ல அந்த டாக்டர் என்னதான் காட்டினாரு?"

அண்ணன் புள்ளிகளைப் பற்றிச் சொன்னான். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அம்மா வழியா வருமாம்" என்று அண்ணனே சொன்னான். "மாமாவுக்கும் இருக்குது இல்ல, அதனால."

"சரி. அதை என்கிட்ட அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க அம்மாவைத் திட்டுவீங்க."

அப்பா நின்றுவிட்டார். அண்ணனும் நின்றான். ஒரு பஸ் எங்களைக் கடந்து போய், அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவர் அப்படியே நின்றார். கோபம் வரப்போகிறது என்று நான் பயந்தேன்.

"ஆமா" என்றார் அப்பா. "திட்டியிருப்பேன்."

பிறகு துணிப்பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அண்ணன் கையிலிருந்த சைக்கிளை வாங்கி, அவரே தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.